ஐஸ் பெட்டியில் கிடந்த பேய்க்கணவாய் நிறம் மாறியது: அப்போது அதற்கு உயிர் இருந்ததா?

அடுப்படி, காரைக்குடி
வெள்ளி, இரவு 10:40

வணக்கம். எனக்குக் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் சமையல் தொழில். விசேஷ வீடுகளுக்கு ஆள் கூட்டிப் போய்ச் சமைப்பேன், மற்ற நாளில் மதியம் மட்டும் மெஸ். மீன், நண்டு, கணவாய் என்று 22 வருடமாகக் கழுவி வெட்டிய கை இது. நேற்று நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் கேட்கிறேன்.

நேற்று விடியற்காலையில் தொண்டி வண்டியில் ஒரு தெர்மாகோல் பெட்டி ஓட்டுக் கணவாய் எடுத்தேன். வீட்டில் கொண்டுவந்து ஐஸை விலக்கினால் அடியில் ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். வலையில் கூடவே ஏறியிருக்கும். எங்கள் பக்கம் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, அதனால் நான் அதிகம் கையாண்டதில்லை. தலை என் கைமுட்டி அளவு இருந்தது. உடம்பில் இலை நரம்பு போலக் கறுத்த கோடுகள், கைகளின் ஓரமும் கறுப்பு, அடியில் இருக்கும் உறிஞ்சிகள் மட்டும் பால் வெள்ளை. கண்ணைத் தொட்டேன், அசையவில்லை. உடம்பு ஏறி இறங்கவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து அலசித் தட்டில் வைத்தேன்.

அப்போது தோலில் ஒரு பழுப்பு நிழல் மெதுவாக நகர்ந்தது. மேகம் கடக்கும்போது கண்மாய்த் தண்ணீரில் நிழல் ஓடுமே, அதே மாதிரி. விரல் வைத்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்து, எடுத்ததும் வெளுத்தது. நான் யோசிக்காமல் ஒரு கையை வெட்டிவிட்டேன். வெட்டிய துண்டு பலகையிலேயே சுருண்டு வந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. சும்மா ஒட்டவில்லை, பிடித்தது. ஒவ்வொரு உறிஞ்சியாக நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

அதற்கு மேல் கத்தி ஓடவில்லை. ஆடு, கோழி எல்லாம் அறுத்தவன்தான், துடிப்பதைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துடிப்பது வேறு, விரலைத் தேடிப் பிடிப்பது வேறு.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அப்பா, அதுக்கு மூணு இதயம், ரத்தம் நீலம், கையிலயும் மூளை இருக்கு" என்றாள். நான் இத்தனை வருடம் கணவாய் வெட்டியதில் நீல ரத்தம் பார்த்ததே இல்லை. மைப்பையைத் தவிர்த்தால் தண்ணீர் மாதிரிதான் ஏதோ வரும். அவள் சொல்வது சரியா? அது முக்கியமில்லை என்றாலும் தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு முக்கியமான கேள்வி, நான் வெட்டியபோது அதற்கு உயிர் இருந்ததா, வலித்திருக்குமா என்பது. இருந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்?


தொண்டிக் கரை
வெள்ளி, இரவு 11:25

அண்ணே, நான் தொண்டியில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். நண்டு வலைதான் அதிகம். பேய்க்கணவாயோடு எங்களுக்குப் பழைய வழக்கு உண்டு, நண்டை அதுதான் முதலில் வந்து தின்னும். வலையைத் தூக்கினால் ஓடு மட்டும் வரும், உள்ளே சுத்தமாகத் துடைத்த மாதிரி இருக்கும்.

நீங்கள் பார்த்தது செத்ததா இல்லையா என்று தோலை வைத்துச் சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. உயிரோடு ஏறினால் இரண்டு கண்ணுக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால், கூர்மையான கம்பியோ கத்தி முனையோ வைத்து ஒரே குத்து. சரியான இடத்தில் பட்டால் உடம்பு முழுக்க சட்டென்று வெளுத்துப் போகும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் குத்து சரியாக விழவில்லை, மறு பக்கமும் குத்த வேண்டும். எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் அப்படிச் செய்யாமல் ஐஸில் போட விட மாட்டார். பெட்டியைத் திறந்து வெளியே வந்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம், ஆனால் அதுக்கும் மேலே ஏதோ அவர் மனதில் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

வெளியே வரும் என்றால் உண்மையிலேயே வரும். ஒரு தடவை வாளியில் போட்டு மேலே பலகை வைத்து, பலகை மேல் கல்லும் வைத்தேன். வலையை மடித்துவிட்டுத் திரும்பினால் வாளி காலி. படகின் ஓரத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கும், நம் மூன்று விரல் நுழைகிற அகலம். கடைசிக் கை அந்த ஓட்டையில் போவதைத்தான் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பு அதற்குள் எப்படிப் போனது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலையில் சில நேரம் பெரிய சங்கு ஓடு சிக்கி வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் பேய்க்கணவாய் உட்கார்ந்திருக்கும், ஓட்டின் உள்கூரையில் அரிசி மணி கோர்த்துத் தொங்கவிட்ட மாதிரி முட்டை. அந்த மாதிரி ஒன்று வந்தால் நாங்கள் அப்படியே தண்ணீரில் இறக்கிவிடுவோம். அது ஓடாது அண்ணே. மற்ற நேரம் கை பட்டாலே ஓடுகிற ஜீவன், முட்டை இருந்தால் நகரவே நகராது.


விலங்கியல் ஆசிரியர், தேவகோட்டை
சனி, காலை 6:15

தம்பி, கல்லூரியில் 31 வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, முக்கியம் என்று நீங்கள் சொன்னதற்கு முதலில் வருகிறேன்.

கணவாய், ஆக்டோபஸ் எல்லாவற்றின் தோலிலும் மிகச் சின்ன நிறப்பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் தசை நார்கள். நார் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி நிறம் மறையும். இழுக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து நரம்பு வழியாக வருகிறது. அதனால்தான் தொண்டித் தம்பி சொன்னபடி மூளை போனவுடன் உடம்பு வெளுக்கிறது. ஆனால் மூளை போன பிறகும் தோலின் நாரும் அதை ஒட்டிய நரம்பும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அவை தாமாகவே சுருங்கி விரியும், ஒன்றை ஒன்று இழுத்துவிடும். நீங்கள் பார்த்த மெதுவான நிழல் அப்படி வரக்கூடியதுதான். கணவாயில் உப்புப் போட்டதும் துடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே வகை. உப்பிலுள்ள சோடியம் நரம்பை உசுப்பிவிடுகிறது.

கண் அசையவில்லை, உடம்பு ஏறி இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் அதற்கு மூச்சு. இரண்டும் நின்றிருந்தால் மூளை அடங்கியிருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, கை ஏன் விரலைப் பிடித்தது? உங்கள் மகள் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆக்டோபஸுக்கு ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, எட்டுக் கைகளில் இருக்கிறது. "கைக்கு ஒரு மூளை" என்று பத்திரிகையில் எழுதுவார்கள், மூளை என்பதைவிட நம் முதுகுத் தண்டு மாதிரி ஒரு நரம்புக் கோவை ஒவ்வொரு கையின் நடுவிலும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டால் இன்னும் பொருத்தம். தலை "அந்தப் பாறை இடுக்கில் பார்" என்று மட்டும் சொல்லும். எப்படி வளைவது, எந்த உறிஞ்சி எதைப் பிடிப்பது என்பதைக் கையே பார்த்துக்கொள்ளும். உறிஞ்சி பிடிப்பது மட்டுமல்ல, தொட்டதை ருசியும் பார்க்கும். தொட்டு ருசி அறியும் அந்தச் சிறப்பு அணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 2020இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விளக்கினார்கள். உங்கள் கட்டைவிரலில் கணவாய் வாசனை இருந்திருக்கும். துண்டான கை அதை இரையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. 2014இல் ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தார் துண்டித்த கைகளை வைத்துப் பார்த்தார்கள். அவை ஒரு மணி நேரம் வரை கிடைத்ததையெல்லாம் பிடித்தன. ஆனால் ஆக்டோபஸின் தோலை மட்டும் பிடிக்கவில்லை. தோலை உரித்த ஆக்டோபஸ் கையைக் கொடுத்தால் பிடித்தன. ஆக, அந்தத் தோலில் உள்ள ஏதோ ஒரு பொருள் உறிஞ்சியைத் தடுக்கிறது. எட்டுக் கையும் அதனதன் போக்கில் நெளியும் ஒரு உயிர் தன்னோடு தானே சிக்கிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். பலகையில் உங்கள் துண்டு மற்றக் கைகளின் பக்கத்தில்தானே கிடந்தது? அவற்றை விட்டுவிட்டு உங்கள் விரலுக்கு வந்தது.

வலி. இதை மழுப்பாமல் சொல்கிறேன். துண்டான கை விலகுவதும் பிடிப்பதும் வலியை உணர்வதல்ல, உணர்வதற்கு அங்கே முழு உயிர் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஆக்டோபஸுக்கு வலி உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021இல் ராபின் கிரூக் என்ற ஆய்வாளர், கையில் கொஞ்சம் அமிலம் ஏற்றிய பிறகு ஆக்டோபஸை அதற்குப் பிடித்த அறையில் விட்டார். அடுத்த தடவை அது அந்த அறைக்குப் போக மறுத்தது. அமிலம் பட்ட இடத்தை அலகால் கொத்திக் கொத்தித் தோலை எடுத்தது. மரத்துப் போகும் மருந்து கொடுத்ததும் அதை நிறுத்தியது, மருந்து கிடைத்த அறையையே பிறகு விரும்பியது. அதே 2021இல் லண்டனில் ஒரு பல்கலைக்கழகக் குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் படித்து, ஆக்டோபஸ், கணவாய், நண்டு, இறால் எல்லாம் உணர்வுள்ளவை என்று அறிக்கை கொடுத்தது. 2022இல் பிரிட்டன் சட்டத்திலும் அது ஏறியது.

ஆகவே நீங்கள் செய்திருக்க வேண்டியது தொண்டித் தம்பியின் அப்பா செய்தது. ஐஸில் உயிரோடு போடுவது மெதுவான சாவு. மூளையை ஒரே குத்தில் அழிப்பது அதைவிட எவ்வளவோ மேல். கை அப்புறமும் அசையும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

ரத்தத்தைப் பற்றி மாலையில் எழுதுகிறேன்.


எக்கோ அறை
சனி, காலை 9:02

பள்ளத்தூர்க்காரி, மதுரையில் ஒரு மருத்துவமனையில் எக்கோ எடுக்கும் வேலை. சங்கு ஓட்டுக்குள் பேய்க்கணவாய் உட்காரும் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. ஜப்பானில் அதைப் பிடிக்க வாய் குறுகி வயிறு பெருத்த மண் சட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். இருட்டுப் பொந்து என்று நினைத்து அதுவே வந்து குடியேறிவிடும். அந்தச் சட்டிக்கு தாகோட்சுபோ என்று பெயர். எங்கள் துறையில் அதே பெயரில் ஒரு இதய நோய் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்த பெயர். பெரிய அதிர்ச்சி, நெருங்கியவரின் சாவு இதற்குப் பிறகு, பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, இதயத்தின் இடது கீழறை அந்தச் சட்டி மாதிரி உப்பி நிற்கும். பார்க்க மாரடைப்பு மாதிரியே இருக்கும், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு நானே திரையில் பார்த்திருக்கிறேன்.


அடுப்படி, காரைக்குடி
சனி, மதியம் 3:30

ஐயா, தம்பி, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. மெஸ் முடிந்ததும் மகளை உட்கார வைத்து முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐயா கேட்டது உண்மை. துண்டான கை மற்ற ஏழு கைகளின் மேல்தான் கிடந்தது. அவற்றில் ஒட்டவே இல்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் ஒட்டாததைக் கவனிக்கத் தோன்றவில்லை.

தம்பி, வடிகால் ஓட்டைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. வெட்டுகிறவனுக்குத் தெரிந்த பதில். ஓட்டுக் கணவாய்க்கு முதுகில் வெள்ளை ஓடு. ஊசிக் கணவாய்க்கு அந்த இடத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு நீள ஈர்க்கு. பேய்க்கணவாயில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. கிளி மூக்கு மாதிரி வாயில் ஒரு அலகு, அது ஒன்றுதான் கடினம். அலகு போகிற ஓட்டையில் மற்ற எல்லாம் போகும்.

சங்கை விட்டு நகராத தாயைப் பற்றி யாராவது இன்னும் சொன்னால் கேட்க ஆசை.


கானாடுகாத்தான் ஆச்சி
சனி, மாலை 4:50

வெள்ளை ஓடு என்றதும் நானும் வருகிறேன். எங்கள் ஆயாவின் மருந்துப் பெட்டியில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காயோடு கடல்நுரை என்று ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். உரசினால் மாவாக வரும். அலையின் நுரை கரையில் காய்ந்து கெட்டியாகிறது என்று ஆயா சொல்வார்கள், நானும் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வரை அதையே நம்பினேன். பேரனுக்கு வாங்கிய கிளிக் கூண்டில் கடைக்காரர் அதையே தொங்கவிட்டுக் கொடுத்தபோதுதான் கணவாயின் ஓடு என்று தெரிந்தது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகக் காற்றறைகள், நுரையேதான். அந்த அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் ஆழத்தில் மிதந்து நிற்கிறதாம்.

நம் ஊரில் கடல் இல்லை என்கிறோம். எங்கள் வீட்டு வளவில் கைவைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும் சுவர், அதில் கடைசிப் பூச்சு கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கடலில் ஒரு சிப்பிப் பூச்சி தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டை உடைத்து, சுட்டு, நம் வீட்டில் பூசியிருக்கிறோம். கோடையில் அந்தச் சுவரில் முதுகை வைத்து உட்காரும்போது இதை நினைப்பேன்.

தாயைப் பற்றிக் கேட்டீர்களே அடுப்படித் தம்பி, ஆசிரியர் ஐயா சொல்லட்டும். எனக்கும் கேட்க வேண்டும்.


விலங்கியல் ஆசிரியர், தேவகோட்டை
சனி, இரவு 8:20

ஆச்சி சொன்ன ஓட்டிலிருந்தே தொடங்குகிறேன். இவை எல்லாம் நத்தை, சிப்பி, சங்கின் சொந்தக்காரர்கள். முன்னோர்களுக்கு வெளியே ஓடு இருந்தது. கணவாய் அதை உள்ளே எடுத்துக்கொண்டது, ஆக்டோபஸ் ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டது. ஓட்டை விட்டதால் எந்த இடுக்கிலும் நுழையலாம். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சியகத்திலிருந்து இன்கி என்ற ஆக்டோபஸ் தொட்டியை விட்டு இறங்கி, தரையில் ஊர்ந்து, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. ஆனால் ஓடு இல்லாத உடம்பை எல்லோரும் தின்பார்கள். ஒளியவும் ஏமாற்றவும் தெரிந்தால்தான் பிழைக்கலாம்.

தம்பி, உங்கள் பெட்டியில் வந்ததன் அடையாளத்தைப் படித்தபோதே எனக்கு ஒரு ஐயம். இலை நரம்புக் கோடு, கறுத்த கையோரம், வெள்ளை உறிஞ்சி என்றால் பெரும்பாலும் ஆம்பியாக்டோபஸ் மார்ஜினேட்டஸ். நம் கடலிலும் உண்டு. இந்தோனேசியாவில் இதே இனம் கடலில் விழுந்த தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் படம் பிடித்து 2009இல் வெளியிட்டார்கள். சிரட்டையை வயிற்றுக்கு அடியில் கவிழாமல் வைத்து, கைகளைக் குச்சி போல விறைத்து அதன் மேல் நடக்கும். பிறகு இரண்டு சிரட்டையை மூடி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வேண்டியிருக்கும் என்று இப்போதே பாரம் சுமப்பது சாதாரணமல்ல.

இனி தாய். பெரும்பாலான இனங்களில் பெண் ஆக்டோபஸ் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிடும். இட்ட பிறகு இரை தேடிப் போகாது. முட்டைகளைத் தடவிச் சுத்தம் செய்யும், நீரைப் பீய்ச்சி மூச்சுக் காற்று கொடுக்கும், வருகிறவர்களை விரட்டும். குஞ்சு வெளியேறும் நேரத்தில் தானும் செத்துவிடும். கலிபோர்னியாவின் மான்டரே ஆழத்தில் ஒரு தாயை 2007இலிருந்து மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஒரே பாறையில், அதே முட்டைகள் மேல், 53 மாதங்கள். நாலரை வருடம்! பக்கத்தில் நண்டு நடந்தாலும் தின்றதை யாரும் பார்க்கவில்லை. நாளாக நாளாகத் தோல் வெளுத்து, கண் மங்கிப் போனது.

இதற்குக் காரணம் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி. 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி அடைகாக்கும் தாய்களிடமிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அவை முட்டையை விட்டுவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தன, கூடுதல் நாள் உயிரோடும் இருந்தன. பெரும்பாலான இனங்களுக்கு ஆயுளே ஓரிரண்டு வருடம்தான். அப்பனும் ஆத்தாளும் சொல்லிக் கொடுக்க உயிரோடு இல்லாமல், ஒவ்வொரு குஞ்சுக்கும் சிரட்டை தூக்கவும் நிறம் மாற்றவும் தானாக வருகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவேன்.

ரத்தம். மகள் சொன்னது சரி. நம் ரத்தத்தில் இரும்பு, அதற்கு செம்பு. காற்றேறிய நிலையில்தான் நீலம், காற்று தீர்ந்ததும் நிறமே இருக்காது. ஐஸில் கிடந்து வந்த உடம்பில் தண்ணீர் மாதிரி தெரிவது அதனால்தான். நண்டு உடைக்கும்போது சில நேரம் கையில் நீலச் சாயல் ஒட்டுமே, அதுவும் இதே ரத்தம். மூன்று இதயத்தில் இரண்டு, ஒவ்வொரு செவுளுக்கும் ஒன்று. நடுவில் இருப்பது உடம்புக்கு. நீந்தும்போது அந்த நடு இதயம் அடங்கிவிடும், அதனால்தான் நீந்துவதைவிட ஊர்ந்து போவதையே விரும்புகிறது.

ஒரு எச்சரிக்கை. உடம்பில் நீல வளையங்களோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு இனம் இந்தியப் பெருங்கடலில் உண்டு. பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. மாற்று மருந்து கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பெட்டியில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், அந்தப் பெட்டியையே ஒதுக்குங்கள்.


தொண்டிக் கரை
ஞாயிறு, காலை 5:10

அண்ணே, செவ்வாய்க்கிழமை கிடைத்தால் ஒன்று அனுப்புகிறேன். நானே குத்தி, வெளுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஐஸில் வைப்பேன். பாப்பாவுக்குக் காட்டுங்கள்.


அடுப்படி, காரைக்குடி
செவ்வாய், இரவு 9:45

தம்பி அனுப்பியது காலை ஏழு மணிக்கு வந்தது. தனிப் பையில், மேலே ஐஸ். அதே நரம்புக் கோடு, அதே வெள்ளை உறிஞ்சி, ஆனால் உடம்பு முழுக்க வெளிர் நிறம். இது எப்படிப் போனது என்று தெரிந்து கையில் எடுத்தபோது கத்தி பழையபடி என் கையில் நின்றது.

மகள் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. தலைப்பையைத் திருப்பி மெதுவாகக் கீறினேன், மைப்பையை உடையாமல் ஒதுக்கினேன். உள்ளே இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். ஒவ்வொரு செவுளின் அடியிலும் கடலைப் பருப்பு அளவில் ஒரு உருண்டை. நடுவில் கொஞ்சம் வெளுத்து நீளமாக இன்னொன்று. அவள் விரல் வைத்து மூன்றும் எண்ணினாள். 22 வருடமாக இவற்றைக் குடல் என்று சொல்லி ஒரே வழிப்பில் வாளியில் போட்டிருக்கிறேன். ஓட்டுக் கணவாயிலும் இதே மூன்று இருக்கிறது, அதையும் ஒன்று எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டோம்.

தண்ணீர் மாதிரி வந்ததை வீட்டில் இருந்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வடித்து ஜன்னல் பக்கம் வைத்தோம். ஒரு சின்ன கரண்டி அளவுதான் இருக்கும். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி இருந்தது. நான் சின்ன வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் கோப்பையின் ஓரத்திலிருந்து உள்ளே இறங்கிக்கொண்டே வந்தது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டு அலசிய கடைசித் தண்ணீர் இருக்குமே, அந்த நீலம். காற்றுப் பட்டுத்தான் இப்படி ஆகிறது என்று அவள் எனக்கு விளக்கினாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கறியை மெஸ்ஸில் போடவில்லை. மிளகு, பூண்டு, கொஞ்சம் கல்பாசி மட்டும் போட்டு வீட்டுக்கு மட்டும் வைத்தேன். மசாலா குறைத்தேன், அதன் ருசி தெரிய வேண்டும் என்று. மூன்று பேரும் சாப்பிட்டோம், ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

கோப்பையைக் கழுவ மகள் இன்னும் விடவில்லை. தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண்ணுக்கு நடுவில் குத்தும் இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தப் பெட்டியில் எது உயிரோடு வரும் என்று தெரியாதே, என் வேலையாட்கள் இரண்டு பேருக்கும் அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.